பத்து வெள்ளிப் பங்கும் சொந்த வீடும்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தோட்டத்து வீடு வேலையோடு வரும், வேலையோடு போகும். மலேசியாவின் பேரா மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டோவன்பி, ஈவூட் என்று எந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ரப்பர் பால் வெட்டும்வரை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கலாம். உடம்பு முடியாமல் போனாலோ, வயதாகி வேலையை விட்டாலோ, தோட்டம் கைமாறினாலோ சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நாற்பது வருஷம் பால் வெட்டியவர் பேரில் ஒரு சாண் நிலம் இருக்காது.

இதே மக்கள்தான் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டி முழுத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். எங்கள் ஊர்க்காரர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கதை அது. அதன் பெருமையை மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. அந்தப் பெருமை நியாயமானதும்கூட. ஆனால் சுங்கை சிப்புட்டில் தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்பாளர் குழு ஒன்றில் வேலை செய்கிற எனக்கு ஒரு கேள்வி விடாமல் நிற்கிறது. தோட்டத்தை வாங்கத் தெரிந்த சமூகத்துக்கு, ஓய்வு பெறும் தொழிலாளியை ஒரு வீட்டில் குடிவைப்பது ஏன் இவ்வளவு பெரிய பாடாக இருக்கிறது? முதல் வேலைக்குக் கைகொடுத்த வழி இரண்டாவது வேலைக்கு ஏன் போதவில்லை? அந்தக் கேள்விக்குத்தான் இந்த ஆய்வு.

தோட்டங்கள் துண்டான காலம்

1957-ல் சுதந்திரம் வந்ததை ஒட்டிய வருஷங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பப் பார்த்தன. வாங்கியவர்களில் பலருக்கு விவசாயம் நோக்கம் இல்லை. மொத்தமாக வாங்கி, சிறு சிறு துண்டாக அறுத்து, லாபம் வைத்து விற்றார்கள். ஐந்து ஏக்கரோ பத்து ஏக்கரோ வாங்கியவருக்குத் தன் குடும்பத்து ஆட்களே போதும். அவருக்கு லயம் எதற்கு, ஆயாக் கொட்டகை எதற்கு, தோட்டத்துப் பள்ளிக்கூடம் எதற்கு? மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். வேலை போனபோது தலைக்கு மேலிருந்த கூரையும் சேர்ந்தே போனது என்பதுதான் அந்தக் காலத்துத் தோட்டத் தொழிலாளியின் நிலை.

சுங்கை சிப்புட் அதற்கு முன்பே ஒரு பெரிய அடி பட்டிருந்தது. 1948 ஜூன் 16 அன்று எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்துதான் நாட்டில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. பிறகு, சிதறிக் கிடந்த லயங்களைப் பல தோட்டங்களில் ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். எங்கே குடியிருப்பது என்பதைத் தோட்டத்து மனிதன் தானே முடிவு செய்த காலம் ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. முதலில் கங்காணியும் துரையும் முடிவு செய்தார்கள், பிறகு அவசரகாலம், பிறகு நிலத் தரகர்.

சம்பந்தன் 1919-ல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். 1954-ல் இங்கே மகாத்மா காந்தி கலாசாலை எழுந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1955 முதல் 1973 வரை ம.இ.கா. என்ற இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவர். கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது மத்திய அமைச்சர். அவர் தோட்டம் தோட்டமாகப் போனார், தொழிலாளர்களோடு தங்கினார், அவர்களோடு சாப்பிட்டார், பங்கு கேட்டார். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளி வீதம் கட்டலாம். 1960 மே 14-ல் சங்கம் தொடங்கியது. மறு வருஷமே கெடாவில் சுமார் 3,000 ஏக்கர் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. 1979-ல் அவர் மறைந்தபோது உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 85,000.

நாள்கூலிக்காரர் வீட்டில் 10 வெள்ளி என்பது அன்றைக்கு விளையாட்டுக் காசு இல்லை. மளிகைக் கணக்கில் பிடித்து வைத்த காசு அது. அதை ஓர் அமைச்சரின் பேச்சை மட்டும் நம்பி யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். பக்கத்து லயத்துக்காரர் கட்டுகிறார், கோயில் தலைவர் கட்டுகிறார், நாம் கட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்ற எண்ணமும் சேர்ந்துதான் சங்கம் வளர்ந்திருக்க வேண்டும். கூட்டுறவு என்பதால் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் மட்டும் வாய் திறந்து பழகியவர்கள், பொதுக்கூட்டத்தில் கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். இதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் குழுவில் இன்றைக்கு எழுந்து நின்று கேள்வி கேட்கிற மூத்தவர்கள் பலர் அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள்.

தோட்டம் தன் கடனை அடைக்கும், வீடு அடைக்காது

இங்கேதான் என் கேள்விக்கான விடை தொடங்குகிறது. பால் கொடுக்கும் மரத்தோடு வாங்கிய தோட்டம், வாங்கிய மறுநாள் காலையிலேயே வருமானம் தரும். பங்குப் பணம் முதலுக்கு ஆகும். மீதியைப் பாலும் ஒட்டுப்பாலும் பார்த்துக்கொள்ளும். ரப்பர் விலை சரிந்தால் கஷ்டம்தான், ஆனால் சொத்து தன் செலவைத் தானே ஏற்கும் சொத்து. வீடு அப்படி இல்லை. குடிபோன நாளிலிருந்து அது செலவு மட்டும்தான் வைக்கும். தவணை, நில வரி, மதிப்பீட்டு வரி, தண்ணீர், கரண்ட், ஓடு மாற்றுவது. பத்தாயிரம் பேரின் 10 வெள்ளி ஒரு தோட்டத்தை வாங்கும். அந்தத் தோட்டம் பத்தாயிரம் பேருக்கும் சேர்த்து உழைக்கும். அதே காசில் வீடு கட்டினால், முதல் வீட்டை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியிலேயே பத்தாயிரம் பேரும் பிரிந்துவிடுவார்கள்.

நிலச் சட்டமும் வேறு திசையில் இழுக்கிறது. துண்டாடலால் பட்ட பாட்டுக்குப் பிறகு, தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்றொரு பிரிவு வந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இரண்டு பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ மாற்றிக் கொடுக்கத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தோட்டம் சிதறாமல் காக்க வந்த நல்ல காவல் அது. ஆனால் தொழிலாளருக்கு வீட்டு மனை கொடுக்க வேண்டுமென்றாலும் தோட்டத்திலிருந்து நிலத்தைப் பிரித்தாக வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றியாக வேண்டும். நிலம் மாநில அரசின் அதிகாரம். ஆகவே கோலாலம்பூரில் கொடுக்கும் வாக்குறுதி மாநிலத் தலைநகர் ஈப்போவில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும். வீட்டு விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கதவு எது என்று தெரியாமலேயே பலர் வருஷக்கணக்கில் தவறான கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

லயத்து வீடுகளுக்கென்று சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தைச் சொல்லும் சட்டம் 1966-ல் வந்தது, 1990-ல் புதுப்பிக்கப்பட்டது, 2019-ல் தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. ஆனால் அந்தச் சட்டம் பேசுவது முதலாளி கொடுக்கும் வீட்டின் தரத்தைப் பற்றி. தண்ணீர் வருமா, ஒழுகுமா, எத்தனை பேர் ஓர் அறையில் என்பதைப் பற்றி. அந்த வீடு என்றைக்கு யாருடையதாகும் என்பது அதன் கேள்வியே இல்லை. நல்ல லயம் கட்டிக் கொடுத்த நிர்வாகமும் 60 வயதில் அதைக் காலி செய்யச் சொல்லலாம். குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பது 2013 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பல இடங்களில் 55-லேயே அந்த நாள் வந்துவிடும்.

செம்பனை வந்தது, ஆட்கள் போனார்கள்

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். இருந்துவிட்டவர்களில் பலரிடம், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. அந்தச் சிவப்பு அட்டை இன்றைக்கும் வீட்டு விண்ணப்பத்தில் வந்து குறுக்கே நிற்கிறது. மலிவு விலை வீட்டுக்கு முதல் தகுதி குடியுரிமை.

பிறகு ரப்பர் மரங்கள் விழுந்து செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. ஏக்கருக்குத் தேவையான ஆள் குறைந்தது. அந்தக் குறைந்த இடத்துக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். நகரத்துக்குப் பக்கத்துத் தோட்டங்கள் மேம்பாட்டு நிலமாயின. இதில் பெரியது புத்ராஜெயா. 1921-ல் உருவான பிராங் பெசார் தோட்டத்தின் மேல்தான் நாட்டின் நிர்வாகத் தலைநகரம் எழுந்தது. அங்கும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. அந்தக் கட்டடத்தின் விரிசல்களைப் பற்றிய அவர்களின் முறையீடு இருபது வருஷத்துக்கும் மேலாக நீண்டது. தரை வீடு கேட்டவர்களுக்கு அடுக்குமாடி கிடைப்பது சின்ன வித்தியாசம் என்று நினைப்பவர்கள், வாசலில் ஒரு முருங்கையும் நாலு கோழியும் இல்லாமல் ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் மாதச் செலவு எப்படி ஏறும் என்று ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும்.

சுங்கை சிப்புட்டில் தலைநகரம் எதுவும் எழவில்லை. இங்கே நடந்தது மெல்லத் தேய்ந்த கதை. லயம் ஒவ்வொன்றாகக் காலியாகி, ஆட்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போனார்கள். போக முடியாத வயதானவர்கள் பட்டணத்து ஓரத்தில், மலிவு விலைத் தாமான்களில், உறவினர் வீட்டுப் பின்கட்டில் வந்து தங்கினார்கள். இந்த இடைவெளியில்தான் சிறு அமைப்புகள் வேலைக்கு வந்தன. எங்கள் ஊரில் 'அலைகள்' என்ற அமைப்பு அப்படி வந்தது. டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் அவரோடு சேர்ந்தவர்களும் தோட்ட மக்களிடையே செய்த வேலையில் வளர்ந்தது. அதே காலத்தில் சிலாங்கூரிலும் இப்படிப்பட்ட குழுக்கள் தோட்ட வெளியேற்றங்களுக்கு எதிராக மக்களைத் திரட்டின. இந்தக் குழுக்களில் பல பின்னாளில் 1998-ல் பிறந்த மலேசிய சோசலிசக் கட்சியோடு இணைந்தன. டாக்டர் ஜெயக்குமார் 2008-ல் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினரானார். கட்சி அரசியலில் யார் எந்தப் பக்கம் என்பது இந்த ஆய்வின் வேலை இல்லை. நான் கவனிப்பது அவர்கள் கேட்ட கேள்வியின் மாற்றத்தை. சம்பந்தன் காலத்துக் கேள்வி, தோட்டத்தை யார் வாங்குவது என்பது. இவர்கள் கேட்டது, தோட்டம் யார் கையில் இருந்தாலும் அதில் உழைத்தவனுக்கு வீடு கொடுக்காமல் அவனை வெளியே அனுப்பலாமா என்பது. கடனும் பங்கும் இல்லாமல் உரிமையாகக் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் சரியான கேள்வியாகப் படுகிறது.

25,000 வெள்ளி வீட்டை ஏன் வாங்க முடியவில்லை

1980-களிலிருந்து மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி. 1998-ல் அது இடத்துக்கு ஏற்ப 25,000 முதல் 42,000 வரை என்று நாலு படியானது. தனியார் மேம்பாட்டாளர்கள் தங்கள் திட்டத்தில் 30 விழுக்காட்டை மலிவு விலை வீடாகக் கட்ட வேண்டும் என்ற விதியும் இருந்தது. அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டமான பிபிஆர் வீடுகள் வந்தபோது வாடகை மாதம் 124 வெள்ளி, வாங்குவதென்றால் தீபகற்பத்தில் 35,000. காகிதத்தில் பார்த்தால் கைக்கு எட்டும் விலைதான்.

எட்டாததற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. பால் வெட்டுக்காரரின் வருமானம் மழைக்கும் மரத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் 900 வெள்ளியாக வந்த பிறகுதான் வங்கி மேசையில் வைக்க ஒரு நிலையான எண் கிடைத்தது. இன்று அது 1,700. நிலையான வருமானச் சான்று இல்லாதவர்களுக்காக 2008-ல் வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனம் ஒன்றை அரசு அமைத்தது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தோட்டத்துக்குள் பலருக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விட வயதுதான் பெரிய தடை. 58 வயதில் வந்து வீடு கேட்பவருக்கு முப்பது வருஷத் தவணையில் எந்த வங்கி கடன் கொடுக்கும்?

எங்கள் மேசையில் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தாமான் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருகிறோம். வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் குடும்பத்தின் எல்லாக் காகிதமும் இருக்கும்: பிறப்புப் பத்திரம், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கடிதம், சேமநிதி அறிக்கை, தோட்டத்தில் கொடுத்த நீண்டகாலச் சேவைச் சான்றிதழ், சில சமயம் பழைய பங்குச் சீட்டு. ஒரு பெரியம்மா தன் கணவரின் பங்குச் சீட்டை எடுத்து வைத்து, "தம்பி, இதுல வீடு ஏதும் வருமாய்யா?" என்று கேட்டார். பங்கை வாரிசு பேருக்கு மாற்றலாம், லாப ஈவு இருந்தால் வரும், வீடு இதில் வராது என்று விளக்கினோம். அவர் வருத்தப்படவில்லை. "அவரு கட்டுன காசு, எம் பேருக்கு வரட்டும்" என்றார். அந்த டின்னிலேயே அடியில் வேறொரு காகிதம் இருந்தது. அவர் இப்போது குடியிருக்கும் மலிவு விலை வீட்டின் கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம். அது கணவர் பேரில் இருந்தது. கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகியும் யாரும் பேர் மாற்றவில்லை.

இதுதான் எங்கள் வேலையில் அதிகம் வருகிற விஷயம். வீடு வாங்கியாயிற்று, கடனும் முடிந்தது, ஆனால் வீடு செத்தவர் பேரில் நிற்கிறது. மூத்த மகன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், தாய் நடுவில். 1955-ஆம் வருஷத்துச் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்திலேயே விண்ணப்பம் போட்டு, வாரிசுகள் எல்லாரும் விசாரணைக்கு வந்து கையெழுத்துப் போட்டால் பேர் மாற்றலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வேண்டியது இறப்புப் பத்திரம், கிராண்டின் நகல், வாரிசுகளின் அடையாள அட்டை, அப்புறம் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியை ஒருநாள் லீவு போட்டு வரச் சொல்லும் பொறுமை. கடைசிதான் கஷ்டம். குடும்பத்தில் பேசாமல் போனவர்களை ஓர் அறையில் உட்கார வைப்பதற்கு எங்கள் குழுவில் இரண்டு அக்காமார் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் இந்த வேலை பாதிக்கூட நடக்காது.

அக்கம்பக்கத்தை மேம்படுத்துவது என்றால் பலர் சாயம் அடிப்பதையும் பூங்கா வைப்பதையும் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் வீட்டின் பேர் தெளிவாக இருக்கிற தெருதான் சுத்தமாகும். யாருடையது என்று தெரியாத வீட்டுக் கூரையை யாரும் பழுது பார்ப்பதில்லை. பேர் மாறிய பிறகு அந்தப் பெரியம்மா வீட்டுப் பின்புற வாய்க்காலில் சரிந்து கிடந்த மண்ணை மகன்கள் வந்து அள்ளினார்கள், கூரையில் விரிசல் விட்ட தகரத்தை மாற்றினார்கள். இரவு ரோந்துக்கு, அக்கம்பக்கக் காவல் அமைப்பான ருக்குன் தெத்தாங்காவில் பேர் கொடுத்ததும் அதே மகன்கள்தான்.

பழையபடி மாதம் 10 வெள்ளி வசூலித்து வீட்டு முன்பணத்துக்கு ஒரு நிதி வைக்கலாமே என்று எங்கள் கூட்டத்தில் அடிக்கடி யாராவது கேட்பார்கள். நல்ல எண்ணத்தில் கேட்பது. ஆனால் பதிவில்லாத குழு பொதுமக்களிடம் காசு திரட்டக்கூடாது. கூட்டு (சீட்டு) பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. கூட்டுறவாகப் பதிய வேண்டுமானால் கூட்டுறவு ஆணையத்திடம் போய்க் கணக்கு, தணிக்கை, பொதுக்கூட்டம் எல்லாம் முறையாக நடத்த ஆள் வேண்டும். எங்களிடம் அவ்வளவு ஆள் பலம் இல்லை. அதனால் காசைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே ஒரு சேமிப்பு இருக்கிறது. அது சேமநிதி. 1951-ல் வந்த ஏற்பாடு அது, சம்பளத்தில் பிடிக்கிறார்கள். வீடு வாங்க அதில் ஒரு பகுதியை முன்னாலேயே எடுக்கலாம். 2024 மே மாதத்துக்குப் பிறகு அது சேமநிதிக்குள் இருக்கும் செஜாத்ரா என்ற தனிக் கணக்கிலிருந்து வரும். இதைச் சொல்லும்போது பலர் முகத்தில் வியப்பைப் பார்க்கிறோம். 55 வயதில் மொத்தமாக எடுத்து, பாதி மகள் கல்யாணத்துக்கும் பாதி கடனுக்கும் போன பிறகுதான் வீட்டைப் பற்றி யோசிப்பது இங்கே வழக்கமாக இருந்தது.

ஆகவே எங்கள் குழு தொடங்கும் இடத்தை மாற்றினோம். ஓய்வு பெறுகிறவரிடம் போவதை விட்டு, 45 வயதைத் தாண்டியவர்களிடம் போகிறோம். கடன் மகன் பேரிலோ மகள் பேரிலோ கிடைக்கலாம், ஆனால் கிராண்டில் தாய் தகப்பன் பேரும் சேர வழி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்கச் சொல்கிறோம். வீடு பிள்ளை பேரில் மட்டும் இருந்து, பிறகு குடும்பத்தில் மனக்கசப்பு வந்து, பெரியவர்கள் இரண்டாம் முறையும் வெளியேறியதை இந்தத் தாமானிலேயே பார்த்திருக்கிறோம். லயத்திலிருந்து ஒருமுறை வெளியேறியவர்களை அப்படி மறுபடியும் பார்க்க மனசு வராது. மாநில அரசின் மலிவு விலை வீட்டுப் பட்டியலில் பேர் பதிவதையும் இப்போதே செய்யச் சொல்கிறோம். வீட்டு வருமான உச்சவரம்பும் மறுவிற்பனைத் தடையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், வேறு மாநிலத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று பதிந்து குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்கிறோம்.

இந்த வருஷம் எடுக்கும் பட்டியலில், இன்னும் லயத்தில் இருக்கும் குடும்பங்களை மட்டும் தனியாக எழுதுகிறோம். அதில் யார் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளை இருக்கிறதோ அந்த வீட்டுக்கு முதலில் போகிறோம், ஏனென்றால் அங்கே இப்போதே கடன் கேட்கலாம். சிவப்பு அட்டை இருக்கும் வீடுகளுக்கு அடுத்து. அங்கே குடியுரிமை விண்ணப்பம்தான் முதல் வேலை, வீடு அதற்குப் பிறகு.